டீச்சர் எழுதிய வரி

திருநெல்வேலியில் ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அவர் வாயிலிருந்து ‘சரி’ என்ற சொல்லை வாங்குவது எளிதல்ல என்று அவரிடம் கற்றவர்கள் எல்லாருமே சொல்வார்கள்.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதுக்குள் ‘தடம்’ என்றொரு மென்பொருளை உருவாக்கியிருந்தார். கணினியில் நாம் எழுதும் எதிலும் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தடம் நினைவில் வைத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒன்றைக் கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். கட்டளைகள் எல்லாம் தமிழில் இருக்கும். விலை கிடையாது. பல ஊர்களில் இருந்த சிலர் சம்பளம் இல்லாமல் அதற்கு எழுதிக்கொடுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு வரிசையாக இடப்படும் கட்டளைகள்.

யார் எழுதினாலும் இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது தடத்தில் சேரும். இது டீச்சர் போட்ட விதி. எழுதியவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவாகும். எல்லாரும் எழுதினார்கள். பெரும்பாலும் டீச்சர்தான் சரிபார்த்தார்.

இசக்கியப்பன் அவரைவிட மூத்தவர். இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கம்பெனியில் இருந்துகொண்டு கோவில்பட்டிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பைக்கில் அலைந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வயதில் அவருக்கு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு வகுப்பில் சேர்ந்து கொஞ்சம் கற்றுக்கொண்டு, மீதியை டீச்சரிடம் கற்க வந்தார். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

வந்த புதிதில் ஒரு ஸ்கிரிப்டை எழுதிக் காட்டிவிட்டு இசக்கியப்பன் கேட்டார்:

“ஒரு ஸ்கிரிப்ட் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது டீச்சர்?”

டீச்சர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ‘பெரிய வீடு’ என்று ஒரு கோப்புறை செய்தார். இசக்கியப்பனின் ஸ்கிரிப்டை அதன்மேல் ஓட்டினார். ‘பெரிய’ என்று எதுவும் இல்லை என்றது கணினி. அடுத்த வரியில், ‘வீடு’ என்று எதுவும் இல்லை என்றது.

இசக்கியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேருக்கு நடுவுல ஒரு இடைவெளி இருந்தாப் போதும். ஷெல் அதை ரெண்டு பேரா வெட்டிரும்” என்றார் டீச்சர். பெயரின் முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டால் வெட்டாது என்று காட்டினார். பிறகு ஸ்கிரிப்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு இசக்கியப்பன் எழுதியதெல்லாம் திரும்பித் திரும்பி வந்தது. டீச்சர் திட்டுவதில்லை. வரியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதன் பக்கத்தில் “ஏன்?” என்று மட்டும் எழுதி அனுப்புவார். இசக்கியப்பன் விடவில்லை. மனைவி நடத்தி வந்த தையல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி அனுப்பினார். அவர் எழுதிய ஒன்று முதல்முறையாகச் சரி என்று வந்த அன்று, கடையில் இருந்த வாடிக்கையாளருக்கெல்லாம் காபி வாங்கிக்கொடுத்தார்.

அந்த நாட்களில் பரக்கத் என்று ஒருவனும் தடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தான். காயல்பட்டினத்துக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். கேள்வி கேட்பதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. ஒருநாள் டீச்சரே எழுதிய ஸ்கிரிப்டை எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டு, இந்த வரியில் மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கிறதே டீச்சர், வேண்டாமா என்று கேட்டான்.

அந்த இடத்தில் மேற்கோள் குறி தேவையில்லை. ஒரு மதிப்பை எடுத்து ஒரு பெயருக்குக் கொடுக்கும் வரி அது. அங்கே ஷெல் எதையும் வெட்டாது. பரக்கத்துக்கு அது தெரியவில்லை.

டீச்சர் குழுவிலேயே பதில் எழுதினார்:

“படிச்சிட்டுக் கேளுங்க தம்பி. கேட்டுட்டுப் படிக்காதீங்க.”

கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. இசக்கியப்பனும் ஒன்றைப் போட்டார். அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு உள்ளே தானும் இருக்கிறோம் என்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு பரக்கத் எதுவும் எழுதி அனுப்பவில்லை. சென்னையில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டார்கள். யாரும் தேடவில்லை.

நாலு வருடம் போனது. மற்றவர்கள் எழுதுவதை இசக்கியப்பனே சரிபார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பன் கேட்டார்:

“நாங்க எழுதுறதை நீங்க பாக்குறீங்க. நீங்க எழுதுறதை யாரு பாக்குறது டீச்சர்?”

“இனிமே நீங்கதான்.”

“நான் என்னத்தப் பாக்க?”

“எழுதியிருக்கதைப் பாருங்க” என்றார் டீச்சர்.

இசக்கியப்பனுக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. வீட்டில் போய்ச் சொன்னார். மனைவி, டீச்சரைவிட உங்களுக்குக் கூடத் தெரியுமா என்று கேட்டாள். அதெப்படி, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் என்றார் அவர்.

தடத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு பாடத்தையோ கட்டுரையையோ மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால், மூலத்தைத் தொடாமல் அந்த ஒரு பகுதியை மட்டும் பிரதி எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து வேலை செய்யலாம். சோதனைப் பிரதி என்பார்கள். வேலை முடிந்ததும் பிரதியில் செய்த மாற்றத்தை மூலத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் அந்தப் பிரதி அப்படியே கிடக்கும். இப்படிக் கிடப்பவை கணினியை அடைத்துக்கொள்கின்றன என்று பலர் குறைப்பட்டார்கள். வேலை முடிந்த பிரதியை அழிப்பதற்கு டீச்சர் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினார். ‘துப்புரவு’ என்று அதற்குப் பெயர். எழுதி முடித்துவிட்டு இசக்கியப்பனுக்கு அனுப்பினார்.

டீச்சருக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, அவசரமும் இல்லை. எழுதும்போது ஓரிடத்தில் மேற்கோள் குறியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இசக்கியப்பன் படித்தார். அழிக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் பிரதியின் பெயர் மொட்டையாக நின்றது. அவருடைய கண் அங்கே போய் நின்றுவிட்டது. வேறு யாராவது எழுதியிருந்தால் வரி எண்ணைப் போட்டு “ஏன்?” என்று அந்த நிமிடமே அனுப்பியிருப்பார்.

இது டீச்சர் எழுதியது. இசக்கியப்பனுக்குப் பரக்கத் நினைவுக்கு வந்தான். அன்றைக்கும் குறி இல்லாமல்தான் இருந்தது, அன்றைக்கும் டீச்சர்தான் சரி. இங்கேயும் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு விதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு சொல்லில் பெயர் வைத்து ஒரு பிரதி செய்து ஓட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதற்காக விசைப்பலகையில் கைகூட வைத்தார். டீச்சரைப் பரீட்சை பண்ணுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டார். ‘மாதிரி’ என்று ஒரே சொல்லில் பெயர் வைத்து ஓட்டினார். அது ஒழுங்காக அழிந்தது. சரி என்று அனுப்பினார்.

உடனே டீச்சரிடமிருந்து பதில் வந்தது: “நன்றி அண்ணாச்சி.” டீச்சர் அவருக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதை மனைவியிடம் காட்டினார்.

தென்காசிப் பக்கம் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளி இருந்தது. கோமதி என்பவர் அங்கே அறிவியல் ஆசிரியை. அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கணினி எழுத்துகளைக் குரலில் படித்துச் சொல்லும், அவர் கேட்டுக் கேட்டு வேலை செய்வார். மற்ற மென்பொருள்கள் எல்லாம் படமும் பொத்தானுமாக இருக்க, தடத்தில் எல்லாமே எழுத்து, அதுவும் தமிழ் எழுத்து என்பதால் அது அவருக்குத் தோதாக இருந்தது. டீச்சருக்கு அவர் ஒருமுறை நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அவர் பிரெயிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார். எழுத்தை மாற்றுவது பெரிய காரியமில்லை. படங்கள்தான் பாடு. இதயத்தின் படம், பூவின் குறுக்குவெட்டு, மின்சுற்று எல்லாவற்றையும் பார்க்க முடியாத பிள்ளைக்குச் சொல்லில் கொடுக்க வேண்டும். பார்வை உள்ளவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன தெரிகிறது, எது மேலே இருக்கிறது, எது எதைத் தொடுகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதைப் பிள்ளைகளிடம் படித்துக்காட்டுவார். அவர்களுக்குப் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பார். அந்தச் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

எல்லாம் ‘அறிவியல்’ என்ற கோப்புறையில் இருந்தது. வெப்பம் பற்றிய பாடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்காக ஒரு சோதனைப் பிரதி எடுத்து, அதற்கு ‘அறிவியல் புதியது’ என்று பெயர் வைத்திருந்தார். வேலை முடிந்தது. துப்புரவு என்று கட்டளை கொடுத்து, கணினி கேட்டபோது பிரதியின் பெயரை அடித்தார்.

ஷெல் அந்தப் பெயரை இரண்டாக வெட்டியது. முதலில் ‘அறிவியல்’. அதை அழித்தது. அடுத்து ‘புதியது’. அப்படி எதுவும் அங்கே இல்லை. இல்லாததைப் பற்றி வாய் திறக்காதே என்றும் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தது. ஆகவே ஒன்றும் சொல்லவில்லை.

“துப்புரவு முடிந்தது” என்றது குரல்.

அடுத்த பாடத்தைத் திறக்கப் போனார் கோமதி. அப்படி ஒரு கோப்புறை இல்லை என்றது அதே குரல். தப்பாக அடித்துவிட்டோம் என்று மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதையே சொன்னது. பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், அந்தப் பழைய நிலைகளும் அதே கோப்புறைக்குள்தான் இருந்தன. அழிய வேண்டிய பிரதி மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது. வெப்பம் பற்றிய அந்த ஒரு பாடம்.

செய்தி வந்ததும் டீச்சர் முதல் வேலையாகத் துப்புரவைத் தடத்திலிருந்து எடுத்துவிட்டு, யாரும் அதை ஓட்ட வேண்டாம் என்று எல்லாருக்கும் அறிவித்தார். பிறகு இசக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினார்.

பள்ளியில் ஒரு சிறிய அறையில் கோமதி உட்கார்ந்திருந்தார். கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அழிந்ததை மீட்கும் மென்பொருளை இசக்கியப்பன் கொண்டுபோயிருந்தார். மதியம் வரை முயன்றார்கள். கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாக இருந்தது. ஒரு வாக்கியம் பாதியில் நின்று, அடுத்து வேறு பாடத்தின் நடு. பதற்றத்தில் கோமதி, அழிந்த அன்றே மறுபடியும் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார். புதிய எழுத்து பழையதன் மேல் ஏறிவிட்டது. அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தது மட்டும் மிஞ்சியது. அதில் பாதிப் புத்தகம்கூட இல்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

இனி ஒன்றும் வராது என்று டீச்சர்தான் சொன்னார்.

கோமதி கேட்டார்:

“அதை எழுதுனது யாரு டீச்சர்?”

“நான்தான்.”

“வேற யாரும் பாக்கலையா?”

டீச்சர் பதில் சொல்வதற்குள் இசக்கியப்பன், நான் பார்த்தேன் என்றார்.

கோமதி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பாத்தீங்களா” என்றார். கேள்வி மாதிரி இல்லை.

நாங்கள் வந்து உட்கார்ந்து படங்களை மறுபடியும் சொல்கிறோம், எங்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் கேட்டார். கோமதி தலையை ஆட்டி மறுத்தார். பிள்ளைகளுக்கு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னால்தான் விளங்கும் என்றார். இந்த வருடப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொடுத்துச் சமாளித்துவிடுவாராம். தடம் இனி வேண்டாம், தேதி போட்டுத் தானே காப்பி எடுத்து வைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் மரியாதையாகச் சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் இசக்கியப்பன் சொன்னார்:

“டீச்சர், அந்தக் குறி இல்லாததை நான் கவனிச்சேன்.”

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“எப்போ?”

“நீங்க அனுப்பின அன்னைக்கே. முதல் வாசிப்புலயே கண்ணுல பட்டுட்டு.”

“ஏன் கேக்கல?”

இசக்கியப்பன் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

“பரக்கத் கேட்டான்லா டீச்சர்” என்றார்.

டீச்சருக்கு அந்தப் பெயர் பிடிபடச் சிறிது நேரம் ஆனது. பிடிபட்டதும் முகம் மாறியது.

“அன்னைக்கு நான் சொன்னது சரிதானே” என்றார்.

“சரிதான் டீச்சர். அதான் எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.”

ஊர் வந்ததும் டீச்சர், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி நடந்தார்.

மறுநாள் அவர் பரக்கத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். நடந்ததைச் சொல்லி, அன்றைக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். துப்புரவைத் திருத்தி எழுதியிருக்கிறேன், நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்வீர்களா என்றார். பரக்கத் பணிவாகத்தான் பேசினான். அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துவிட்டேன் டீச்சர் என்றான். ஆனால் படிக்க நேரமில்லை என்றான். அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதை நான் படிப்பதே இல்லை, என் வேலையை மட்டும் முடித்துக்கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறேன் என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று டீச்சர் பிறகு இசக்கியப்பனிடம் சொன்னார்.

இசக்கியப்பனுக்கு அந்த வாரம் இன்னொரு கவலையும் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு எடுப்பதாக இருந்தது. மற்றவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகளைச் சரிபார்க்கும் வேலை. தடத்தில் சரிபார்த்தவர் என்று அவர் பெயர் இருக்கும் இடங்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி மூடியதிலிருந்து அவர் வீட்டில் தையல் மெஷின்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தது. இப்போது இந்தப் பிழையும் வெளியே தெரியப் போகிறது. எழுதியவர் பெயருக்குக் கீழே அவர் பெயரும் வரும். கோயம்புத்தூர் வேலையைப் பற்றி வெளியே யாரிடமும் அவர் சொல்லவில்லை, டீச்சரைத் தவிர. டீச்சரிடமும் வேலை வரும் போலிருக்கிறது என்று சந்தோஷமாக இருந்த நாளில் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் டீச்சர் வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே போனார்.

டீச்சர் மேசையில் இருந்தார். என்ன நடந்தது, யாருக்கு என்ன போயிற்று, எந்த வரியால் என்று எல்லாருக்கும் தெரிவிக்க ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தார். மடிக்கணினியை இசக்கியப்பன் பக்கம் திருப்பினார்.

“படிச்சிட்டு, சரியான்னு சொல்லுங்க” என்றார்.

இசக்கியப்பன் படித்தார். எதையும் மழுப்பாமல் எழுதியிருந்தது. கோமதி அனுமதி கொடுத்த அளவுக்கு அவர் இழந்ததும் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் இரண்டு வரி.

எழுதியவர்: ஜெசிந்தா.

சரிபார்த்தவர்: யாரும் இல்லை.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உடம்பு தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. கோயம்புத்தூர் பிழைத்துவிட்டது. டீச்சர் நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தார். டீச்சர் எழுந்துபோய் அடுப்படியில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இசக்கியப்பன் மறுபடியும் அந்த வரியைப் படித்தார். வாசல் வரை வந்து நின்ற கோமதியின் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றார்.

“டீச்சர், இதுல ஒரு வரி தப்பா இருக்கு.”

டீச்சர் அடுப்படியிலிருந்து வந்தார். இத்தனை வருடத்தில் அவர் எழுதிய எதையும் இசக்கியப்பன் தப்பு என்று சொன்னதில்லை.

“எந்த வரி?”

“கடைசி வரி. யாரும் இல்லன்னு போட்டிருக்கு. நான் பாத்தேன். என் பேரைப் போடணும்.”

“கோயம்புத்தூர்?”

“போனாப் போகட்டும். என்னைக் காப்பாத்தணும்னு நீங்க பொய் எழுத வேண்டாம்.”

டீச்சர் உட்கார்ந்தார். அவரையும் உட்காரச் சொன்னார். இசக்கியப்பன் உட்காரவில்லை.

“உங்களைக் காப்பாத்த நினைக்கல அண்ணாச்சி” என்றார் டீச்சர். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. “ஒண்ணு கேக்குதேன். அதே வரியை வேற யாராவது எழுதி அனுப்பியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“நான் எழுதுனதுனால?”

இசக்கியப்பன் திரையில் இருந்த கடைசி வரியைப் பார்த்தார்.

“எழுதுனது நான். நான் எழுதுனேங்கிறதுக்காகச் சரின்னு வந்துச்சு. அப்போ சரின்னு சொன்னதும் நான்தான். இதுல உங்க பேரை எங்க போட அண்ணாச்சி?”

இசக்கியப்பன் நின்றுகொண்டே இருந்தார்.